சாமி கொடுத்த பிள்ளை

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
8 டிசம்பர் 2006

சாரதாவுக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு வாரமாக ஃபோன் பண்ணுகிறேன். மாப்பிள்ளைதான் எடுக்கிறார். “அவ தூங்கறாளுங்க அக்கா” என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன தூக்கம்? இமெயில் அனுப்பலாம் என்றால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. தட்ட உட்கார்ந்தால் என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். அதனால் டேகேர் வாசலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

போன சனிக்கிழமை உங்கள் தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழா டிவிடி வந்தது. மாப்பிள்ளை வருஷம் தவறாமல் அனுப்புவாரே, அதுதான். இந்தத் தடவை நாடகத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் என்று அத்தைக்கு ஒரே குஷி. எதிர்வீட்டு ஆன்ட்டியையும் அவர் சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முறுக்குத் தட்டை நடுவில் வைத்தார். என் வீட்டுக்காரர் ரிமோட்டை அமுக்கினார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைவர் பேச்சு, அதற்கப்புறம் நீ. ‘பெண்கள் உடல்நலம்’ என்று தலைப்பு ஓடியது. “நம்ம சாரதா!” என்று அத்தை கை தட்டினார். நானும் தட்டினேன், சாரதா. நானும் தட்டினேன்.

“எனக்குப் பிள்ளை இல்லைங்க. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லைங்க” என்று ஆரம்பித்தாய். சரி, உன் கதை, உன் வாய். அதோடு விட்டாயா? “என் கூடப்பிறந்தவளே வேற ஒரு பொண்ணோட கருமுட்டையைத் தானமா வாங்கித்தான் பிள்ளை பெத்தா. சாமி குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா. இப்படி மறைச்சு மறைச்சுத்தான் என்னை மாதிரி ஆளுங்க ஏமாந்து போறோம்” என்று மைக்கில் சொன்னாய். உனக்குக் கூடப்பிறந்தவள் எத்தனை பேர்? அப்பா அம்மா பெற்றதே நம் இரண்டு பேரைத்தானே?

யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை. இவர் ரிமோட்டைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்து, “அவ யாரைச் சொல்றா அம்மிணி?” என்று கேட்டார். “எங்க பெரியப்பா மகளைச் சொல்றாங்க அத்தை. கூடப்பிறந்தவ மாதிரிதான்” என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

செப்டம்பரில் உன் சிகிச்சை தோற்றுப்போனது. உன் கருமுட்டை இனித் தேறாது, தானமாக வாங்கிக்கொள்வதுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ஃபோனில் அப்படி அழுதாய். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் இவரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாததை உன்னிடம் சொன்னேன். “மித்ராவும் அப்படித்தான்டி வந்தா. நீயும் பெத்துக்கலாம்” என்றேன். ஆறுதல் சொன்னதற்கு நீ கொடுத்த கூலி இது. ஆஃபீஸில் யாரோ கருப்பினத்துக்காரி ஒருத்தி இதைப் பற்றியெல்லாம் கூட்டத்தில் பேசுகிறாள் என்றாயே, அவள் கொடுத்த தைரியமா?

அத்தை ஏப்ரல் வரை இங்கேதான் இருப்பார். ஜனவரியில் உங்கள் பொங்கல் விழா வரும். அதே மேடையில் ஏறி, நான் சொன்னது என் அக்காவைப் பற்றி இல்லை என்று சொல். சொல்லவில்லை என்றால் எனக்குத் தங்கை இல்லை.

ஜலஜா


எடிசன், நியூ ஜெர்சி
17 டிசம்பர் 2006

அக்கா,

உன் கடிதத்தை மன்ஹாட்டன் ரயிலில் நின்றுகொண்டே படித்தேன்.

முதலில் ஒன்று. டிவிடியை நான் அனுப்பவில்லை. செல்வராஜ் தன் நாடகத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் உனக்கு ஒன்று, கோபியில் இருக்கும் அவர் அண்ணனுக்கு ஒன்று என்று தபாலில் போட்டுவிட்டார். நான் பேசியபோது அந்த மனுஷன் மேடைக்குப் பின்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன பேசினேன் என்பதே அவருக்கு நீ ஃபோன் பண்ணிய பிறகுதான் தெரியும். இப்போது அவரும் என்னோடு பேசுவதில்லை.

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உன் வளைகாப்புக்கு நான் டல்லஸுக்குப் பறந்து வந்தேன், நினைவிருக்கிறதா? எல்லாரும் உனக்கு வளையல் போட்டு முடித்து, நீ மணையை விட்டு எழுந்ததும், அதே மணையில் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பிள்ளை இல்லாதவள் அந்தச் சூட்டோடு உட்கார்ந்தால் அடுத்தது அவளுக்குத்தான் என்று. உன் மாமியார் என் கையில் வளையல் அடுக்கினார். முன்பின் தெரியாத ஆன்ட்டிகள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்தார்கள். ஒரு அம்மா தொட்டே பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன், எப்படியாவது எழுப்பிவிடு என்று. நீ என்ன சொன்னாய்? “நானும் டாக்டர் டாக்டரா அலைஞ்சு ஒண்ணும் நடக்கலை. எல்லாத்தையும் விட்டுட்டுக் கோயிலைச் சுத்தினேன், சாமி கண்ணைத் திறந்துட்டார். நீயும் ஊசியை விட்டுட்டுச் சுத்து” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். வயிற்றுக்குள் டாக்டர் வைத்த கருவைச் சுமந்துகொண்டு சொன்னாய்.

நான் நம்பினேன். நீ என் அக்கா, நம்பாமல்? அந்த மாதம் எனக்கு ஐ.வி.எஃப் ஆரம்பிப்பதாக இருந்தது. இந்த மாநிலத்தில் இன்சூரன்ஸே அதற்குப் பணம் கொடுக்கிறது. டாக்டர் தேதிகூடக் கொடுத்துவிட்டார். நான் கேன்சல் பண்ணினேன். செவ்வாய்க்கிழமை விரதம், வெள்ளிக்கிழமை விரதம், பிட்ஸ்பர்க் கோயிலுக்கு ஒரு தரம், ஊருக்குப் போய் ஒரு தரம். ஈரப்புடவையோடு கல் தரையில் சுற்றினேன். ஒவ்வொரு மாதமும் பாத்ரூமில் உட்கார்ந்து, என் பக்திதான் போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திரும்ப டாக்டரிடம் போனபோது எனக்கு முப்பத்தொன்பது. சிகிச்சை தோற்ற பிறகு, “மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் உன் சொந்த முட்டையிலேயே பிள்ளை பிறந்திருக்கலாம்” என்றார். அந்த மூன்று வருஷத்தை யார் தின்றது, அக்கா?

நீ ஆறுதல் சொன்னாயாம். ஃபோனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் இருந்த உன் வளைகாப்பு ஃபோட்டோவையெல்லாம் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கருப்பினத்துக்காரி ஒருத்தி என்றாயே, அவளுக்குப் பெயர் இருக்கிறது. டெனீஸ். என் பக்கத்து இருக்கை. போன வருஷம் அவள் சர்ச்சில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாள், போனேன். இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாள்: “கருப்புப் பெண்ணைப் பார்த்தாலே பிள்ளை பிறந்துவிடும் என்று இந்த நாடு நினைக்கிறது. எனக்குப் பிறக்கவில்லை என்றால் டாக்டர்கூட நம்பவில்லை. எடையைக் குறைத்துவிட்டு வா என்று வருஷக்கணக்காகத் திருப்பி அனுப்பினார். இங்கே உங்களிடம் வந்தால் முட்டி தேய ஜெபம் பண்ணு என்கிறீர்கள். நான் பண்ணாத ஜெபமா?” என்று சர்ச்சிலேயே, பாஸ்டர் முகத்தைப் பார்த்தே கேட்டாள். இங்கிலீஷில் என் வீட்டுக் கதையை யாரோ சொல்வதைக் கேட்பது போல இருந்தது. நம் ஆட்கள் கருப்பு மக்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கோயிலைத்தான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

மேடையில் நான் சொன்னது எல்லாம் உண்மை. மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சாரதா


ஃபிரிஸ்கோ
2 ஜனவரி 2007

சாரதா,

புது வருஷம் எப்படிப் பிறந்தது என்று கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

அத்தை எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மித்ராவைப் பார்க்கிறார். முன்பெல்லாம் “மூக்கு எங்க பையன் நஞ்சுண்டன் மூக்கு, நெத்தி எங்க மாமியா நெத்தி” என்று போகிற வருகிறவர்களிடம் காட்டுவார். இப்போது குளிப்பாட்டும்போது காதைத் திருப்பிப் பார்க்கிறார், பாதத்தைப் பார்க்கிறார், முடியைக் கையில் சுற்றி, சுருட்டை எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கிறார். கடையில் கத்தரிக்காயில் சொத்தை தேடுவது போலப் பார்க்கிறார். நேற்று மித்ரா ஓடிவந்து மடியில் விழுந்தாள். அத்தை எடுக்கவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார். “Why is paatti mad at me?” என்று என்னிடம் வந்து கேட்கிறாள் பிள்ளை. நீ பதில் சொல். நாலு வயசுகூட ஆகவில்லை, அவள் எந்த மேடையில் ஏறினாள்?

நான் பொய் சொன்னேனாம். ஆமாம், சொன்னேன். எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷம் பிள்ளை இல்லை. இவருக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று கோபியில் பேச்சு நடந்ததே, உனக்கு நினைவில்லையா? சம்பந்தி வீட்டு விசேஷங்களில் எனக்கு மட்டும் ஆரத்தித் தட்டு தரமாட்டார்கள். அப்படி இருந்தவள், இது வேறொருத்தி முட்டை என்று சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையை யார் மடியில் வைத்திருப்பார்கள்? வளைகாப்பு யாருக்கு நடந்திருக்கும்? சாமி என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அதனால் சொன்னேன். உன்னைக் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உன்னை அந்த மணையில் உட்காரவைத்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். அதனால் சொல்லிப் பழகியதையே சொன்னேன்.

உன் மூன்று வருஷத்துக்காக என் மேல் கோபப்படு. நேரில் வந்து கன்னத்தில் அறை, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் டெனீஸ் அந்தச் சர்ச்சில் பேசினாளே, தன்னைப் பற்றிப் பேசினாளா, தன் அக்காவைப் பற்றிப் பேசினாளா? உன் வயிறு உன்னுடையது, தமுக்கு அடித்துச் சொல். என் வயிற்றைப் பற்றிப் பேச உனக்கு யார் மைக் கொடுத்தது? சொன்னது எல்லாம் உண்மை என்று பெருமையாக எழுதுகிறாய். உன்னைப் பற்றிப் பேசினதுதான் தைரியம். என்னைப் பற்றிப் பேசினது பழிவாங்கினது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

ஜலஜா


எடிசன்
22 ஜனவரி 2007

அக்கா,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் டெனீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, “அதைச் சொல்ல உனக்கு உரிமையே இல்லை” என்றாள். எனக்கு உன்மேல் இருந்ததைவிட அவள்மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது என்மேலேயே வந்தது.

நேற்று முன்தினம் பொங்கல் விழா. செயலாளரிடம் இரண்டு நிமிஷம் கேட்டேன். மறுபடியுமா என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஏறினேன். “தீபாவளிக்கு நான் என் கூடப்பிறந்தவளைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது பொய்ங்க. நானா கட்டிச் சொன்னது. என் அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை” என்றேன். என்னைப் பற்றிச் சொன்னதை மாற்றவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, டாக்டரிடம் போகிறேன், இனியும் போவேன் என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. செல்வராஜே டிவிடியை உனக்கு அனுப்புவார், இந்தத் தடவை முழுசாகப் பார்த்துவிட்டு. அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டு.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். தீபாவளிக்குப் பிறகு ரகசியமாக ஃபோன் பண்ணி எந்த டாக்டர், எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொய்க்காரி சொன்ன டாக்டரும் பொய்யாகிவிட்டார். “அக்காளுக்குப் பிள்ளை இருக்குன்னு இவளுக்குப் பொறாமை” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். நான் பொங்கலை வாங்கி முழுசும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

உனக்காகச் செய்யவில்லை, மித்ராவுக்காகச் செய்தேன். உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

தானமாக முட்டை வாங்கிக்கொள்ள நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச்சில் ஆரம்பிக்கிறார்கள். உன்னிடம் யோசனை கேட்பதற்காக இதை எழுதவில்லை. வேறு யார் வாய் வழியாகவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சாரதா


ஃபிரிஸ்கோ
23 பிப்ரவரி 2007

அன்புள்ள சாரதா,

டிவிடி வந்தது. அத்தை இரண்டு தடவை பார்த்தார். அன்று சாயங்காலமே மித்ராவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மூக்கு திரும்பவும் நஞ்சுண்டன் மூக்கு ஆனது, நெற்றி மாமியார் நெற்றி ஆனது. இவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மித்ராவின் பிறந்தநாள். இருபது முப்பது பேர் வந்தார்கள். கேக் வெட்டி முடிந்து, நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆன்ட்டி உன் பேச்சை எடுத்தார். அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாவம், வயிறு காஞ்சவ. அக்கா பிள்ளையப் பார்த்து வயித்தெரிச்சல். அவளே மேடையேறி ஒத்துக்கிட்டாளே. இனிமே அவளை இந்த வீட்டுப் படி ஏத்தாதே அம்மிணி, பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்.” எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண் ‘உச்’ கொட்டினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு மாசமாக உன்மேல் கொதித்தவள் நான். ஆனால் அந்த ‘உச்’சைக் கேட்டதும், பதினைந்து வருஷமாக எனக்குக் கொட்டிய ‘உச்’ அத்தனையும் காதில் விழுந்தது. கரண்டியை வாளியில் போட்டேன். “அவ பொய் சொல்லலைங்க அத்தை. எனக்காகத்தான் பொய்யின்னு சொன்னா. மித்ரா தானமா வாங்கின முட்டையில வந்த பிள்ளைதான். பத்து மாசம் நான்தான் சுமந்தேன், நான்தான் பெத்தேன். கோயிலும் சுத்தினேன், ஆனா பிள்ளை குடுத்தது டாக்டர்” என்றேன். மைக் இல்லை. ஆனால் கராஜ் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒருத்தர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார். அத்தை என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பொண்ணு என்ன ஆளுங்க?”

பிள்ளை உயிரோடு கண் முன்னால் நிற்கிறது. கையில் பலூன் வைத்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது சாதி ஒன்றுதான். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, சாரதா. நான் பதில் சொல்லவில்லை. இனிமேலும் யாருக்கும் சொல்லப் போவதில்லை.

மறுநாள் காலையில் அத்தை ஹூஸ்டனில் இருக்கும் சின்ன மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இவர்தான் டிரைவ் பண்ணிக்கொண்டுபோய் விட்டுவந்தார். வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் மித்ராவை இவர்தான் டேகேரில் விடுகிறார், இவர்தான் தூங்கவைக்கிறார். அவர் பேசும்போது பேசட்டும். எனக்கு அவசரம் இல்லை.

உன் மூன்று வருஷத்தை நான் எங்கேயிருந்து எடுத்துத் தருவேன்? தரமுடியாது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வராமல் கிழித்துக் கிழித்துப் போட்ட தாள்கள் காரில் கிடக்கின்றன.

மார்ச்சில் ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். உன்னிடம் சொல்லியிருப்பார்களோ என்னவோ, கரு வைத்த பிறகு தினமும் ஒரு ஊசி உண்டு. எண்ணெய் மருந்து, பெரிய ஊசி. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் போடவேண்டும். நம் கை அங்கே எட்டாது. என் வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்ததும் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரைக் கூப்பிட்டாலும் ரகசியம் போய்விடும். பாத்ரூம் கண்ணாடி முன்னால் திரும்பி நின்று, துண்டைக் கடித்துக்கொண்டு, நானே போட்டுக்கொண்டேன். சில நாள் தவறான இடத்தில் இறங்கி இரண்டு நாள் நடக்க முடியாது. இடுப்பு வலி, பிள்ளை உண்டானால் அப்படித்தான் என்று அத்தையிடம் சொல்வேன்.

நீ அப்படிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இன்ஸ்பெக்டர் வேஷம் போடுகிற மனுஷனை நம்பியும் உன் இடுப்பைக் கொடுக்காதே. மித்ராவைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். மார்ச் முதல் வாரம், நியூவார்க்குக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஊசியை நான் போடுகிறேன். எனக்கு இடம் தெரியும்.

ஏர்போர்ட்டுக்கு வா. என்னைக் கட்டிப்பிடிக்காதே, அழாதே. எனக்கு உன்மேல் கோபம் அப்படியே இருக்கிறது, உனக்கும் இருக்கட்டும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுவோம்.

ஜலஜா